தருமமோ உரிமையோ? முதியோர் மருத்துவம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையைத் தருமாஸ்பத்திரி என்று வழங்குதல் நெடுநாள் வழக்கு. காசு வாங்காது மருந்து கொடுக்குமிடம் தருமம் செய்யுமிடமேயாதல் வேண்டுமென்று நம் முன்னோர் கருதினர் போலும். பெயர் நல்லதே, எனினும் அப்பெயரால் விளைந்த தீங்கும் ஒன்றுண்டு. தருமம் வாங்கக் கூசுவோர் அவ்விடத்தை அணுகார். அணுகுவோரும் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு வாய்திறவாது மீள்வர். இவ்விரு திறத்தாருள்ளும் முதியோர் பலர். ஆகவே, மூப்படைந்தார்க்கு மருத்துவத்தின்பொருட்டுச் சட்டமும் அரசாங்கமும் அளித்திருப்பன யாவை, அவை எம்மட்டும் தருமம், எம்மட்டும் உரிமை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் நோக்கற்பாலது 2007-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம். அறுபது வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் யாவரும் அதன்கண் மூத்த குடிமக்கள் எனப்படுவர். ஏழையோ செல்வரோ என்னும் வினா அங்கில்லை. அதன் 20-ஆம் பிரிவு மாநில அரசாங்கங்கட்கு ஐந்து கடமைகளை விதிக்கின்றது. அரசாங்க வைத்தியசாலைகளிலும், அரசாங்கப் பொருளுதவி பெறுவனவற்றிலும் முதியோர்க்கு இயன்றவரை படுக்கை அளித்தல். அவர்கட்குத் தனி வரிசை அமைத்தல். நாட்பட்ட நோய், தீரா நோய், உடலைத் தேய்விக்கும் நோய் ஆகியவற்றிற்குரிய சிகிச்சையை விரிவாக்குதல். மூப்புப் பற்றிய ஆராய்ச்சியை வளர்த்தல். மாவட்ட வைத்தியசாலைதோறும் முதியோர் மருத்துவத்தில் அநுபவமுள்ள வைத்தியர் தலைமையில் தனி ஏற்பாடு வைத்தல் என்பன அவை.

சட்டம் பயில விரும்பும் மாணவர் இவற்றுள் 'இயன்றவரை' என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். அது படுக்கையோடு மட்டும் புணர்ந்து நிற்கின்றது. படுக்கை இல்லையென்று ஒருவர் கூறின், அவர் தப்பிச் செல்லுதற்குச் சட்டமே ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. தனி வரிசைக்கோ அத்தகைய வாயில் இல்லை. முழங்கால் நோவுடன் நெடுநேரம் நிற்கும் கிழவர் ஒருவர், "முதியோர் வரிசை எங்கே?" என்று வினவுவாராயின், அது யாசகமன்று, விதியை நினைவூட்டுதலேயாம். ஆயினும் கடமை தவறினார்க்குத் தண்டம் இன்னதென்று அப்பிரிவு கூறவில்லை. இது பெருங்குறையென்பதே எம் கருத்து.

முதியோர் மருத்துவமென்பது தனிக் கலை. அக்கலைக்குச் சென்னை தாயகம் எனலாம். அங்குள்ள அரசாங்கப் பொது வைத்தியசாலையில் 1978-ஆம் ஆண்டில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பகுதி தொடங்கப்பெற்றது. டாக்டர் வி. எஸ். நடராசன் அவர்களின் முயற்சி அதற்குக் காரணம். 1996-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்குரிய உயர்பட்டப் படிப்பும் ஏற்பட்டது.

நிற்க. அச்சட்டம் அரசாங்கத்தை மட்டும் கட்டவில்லை, மக்களையும் கட்டுகின்றது. பராமரிப்பு என்னும் சொல்லுக்கு அது கூறும் பொருளில் உணவு, உடை, உறைவிடம் என்பவற்றோடு மருத்துவமும் அடங்கும். தம்மைப் பேண இயலாத பெற்றோர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தைத் தொண்ணூறு நாட்களுள் முடித்தல் வேண்டும்; சிறப்பான காரணமிருப்பின் மேலும் முப்பது நாட்கள் நீட்டலாம். மாதம் 10,000 ரூபாய்வரை கொடுக்குமாறு பிள்ளைகட்கு ஆணையிடலாமென்பது 2007-இல் வகுத்த எல்லை. கொர்பான் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை நம் ஆண்டவர் கண்டித்த வரலாறு மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்திலுண்டு. சட்டம் இக்காலத்திற் சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

இனிக் காப்பீடு. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், வறிய குடும்பங்கட்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை வைத்தியசாலைச் செலவை ஏற்றது. நம் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வருமானத்தையே அளவுகோலாகக் கொண்டது. 2022-இல் அவ்வருமான எல்லை ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாயிற்று. பின்னர் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மத்திய அரசாங்கம் புதுவழி ஒன்றைத் திறந்தது. எழுபது வயது நிரம்பினோர் யாவர்க்கும், வருமானம் எத்துணையாயினும், ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பு என்பது அது. முன்னரே ஆயுஷ்மான் திட்டத்திலுள்ள குடும்பத்து முதியோர்க்கு இத்தொகை தனியே சேரும். இளையோர் அதிற் பங்கு கொள்ளார். ஒரே வீட்டில் முதியோர் இருவர் இருப்பின் அவ்விருவரும் அதனைப் பகிர்ந்துகொள்வர். பழைய நோய் உடையாரும் முதல் நாளிலிருந்தே பயன்பெறலாம். மத்திய அரசாங்க ஊழியர்க்குரிய மருத்துவத் திட்டத்தில் உள்ளோர் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

இங்கே எம்மை உறுத்துவது ஒன்று. இக்காப்பு வைத்தியசாலையிற் படுத்தார்க்கே உதவும். படுக்குமுன் மூன்று நாள், வீடு திரும்பியபின் பதினைந்து நாள் ஆகியவற்றின் செலவையும் ஏற்கும். முதியோர் செலவிற் பெரும்பகுதியோ நாள்தோறும் விழுங்கும் மாத்திரையில் அன்றோ கரைகின்றது! நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையார் படுக்கையில் வீழாதிருத்தற்கே மருந்து வேண்டும். அதற்கு வழி, அரசாங்க வைத்தியசாலைப் புறநோயாளர் பகுதியும் ஆரம்ப சுகாதார நிலையமுமே. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அம்மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுசெல்ல எழுந்தது. நடக்கமாட்டாத ஒரு மூதாட்டிக்கு இஃது ஐந்து லட்சத்தினும் பெரிதென்போம். விலை கொடுத்து வாங்குவோர்க்கு ஜன் ஔஷதிக் கடைகள் உள்ளன. அங்கே பல மருந்துகள் வணிகப் பெயர் தாங்கியவற்றின் விலையிற் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும்.

எழுபது வயதுக்குரிய அட்டை பெறுதற்கு ஆதாரிற் பதிந்த வயதே சான்று. பிறந்த நாள் அறியாத முதியோர்க்கு ஏதோ ஓர் ஆண்டைக் குத்துமதிப்பாய் எழுதிவிட்டமையால், எழுபத்திரண்டு வயதினர் ஏட்டில் அறுபத்தேழாய் நிற்றலுமுண்டு. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையும் கருவியிற் படிவதில்லை. ஆகலின் விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர், தம் பாட்டனார் பாட்டியாரின் ஆதாரில் வயது எங்ஙனம் பதிவாகியுள்ளதென்று முதலிற் பார்ப்பாராக. பிழையிருப்பின் நோய் வருமுன்னரே திருத்துவித்தல் நலம். காப்பீட்டுச் செய்திகளை 14555 என்னும் தொலைபேசி எண்ணிலும், முதியோர்க்குரிய பிற உதவிகளை 14567 என்னும் எண்ணிலும் கேட்டறியலாம். காது மந்தமானவர்க்காக அருகிலிருந்து பேசுதற்கு ஒருவர் வேண்டும்.