கருத்துக் கேட்பும் அந்தரங்கமும்

அரசு அலுவலகங்களில் மனுக் கொடுத்தவர்களைப் பின்னர் அழைத்து, "சேவை திருப்தியா?" என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. புள்ளியியல் பயிலும் எனக்கு இது நல்ல முறையாகவே தோன்றியது, எங்கள் வீட்டில் அது நிகழும் வரையில்.

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்காக, அப்பாவின் பங்கு நிலத்துக்குப் பட்டா கேட்டு நான் மனு எழுதினேன். முடிவைத் தெரிவிப்பதற்கென்று எண் கேட்டார்கள். வீட்டுக் கைபேசி எண்ணைக் கொடுத்தோம். சில வாரங்களுக்குப் பின் வந்த அழைப்பை எடுத்தவர் சித்தப்பா. பேசியவர் யாரென்று விசாரிக்காமலே மனுவின் பொருளைச் சொல்லிவிட்டார். அன்றோடு இரு குடும்பங்களுக்கும் பேச்சு நின்றது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24-8-2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தரும் ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான விவரங்களுக்கு மட்டுமே என்கிறது.

பெயரை நீக்கிவிட்டால் போதுமே என்பர் சிலர். போதாது. ஊர், வயது, மனுவின் பொருள் மூன்றும் சேர்ந்தால் சிற்றூரில் ஆளைக் கண்டுகொள்ளலாம்.

ஆகவே, பின்னர்க் கருத்துக் கேட்கலாமா என்று மனு வாங்கும்போதே வினவ வேண்டும். பேசுபவர் மனுதாரர்தான் என்று அறியாமல் எதையும் சொல்லலாகாது. விடைகளையும் பெயர்ப் பட்டியலையும் தனித்தனியே வைத்து, பணி முடிந்ததும் பட்டியலை அழித்துவிட வேண்டும்.

நாளை நம்மில் பலர் இத்தகைய கணக்கெடுப்புகளை நடத்துவோம். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருப்பதை மறவாதிருப்போமாக!