முதலீட்டுத் திட்டம் லாபமா? எக்ஸெல்லிடம் கேளுங்கள்

முதலீடு பற்றித் தாமாகவே கற்றுக் கொள்ள விரும்பும் பலர், முதலில் பங்குச் சந்தைச் சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்கி விடுகின்றனர். அதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை காணப் பழகிக் கொள்ளுங்கள். "நான் போடும் பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது?" என்பதே அந்தக் கேள்வி. நான் இதைப் பழகியது வீட்டுக் கம்ப்யூட்டரில், எக்ஸெல் தொகுப்பில்தான். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே பங்ஷன்கள் உள்ளன.

ரேட் பங்ஷன்

அண்மையில் எனக்குத் தெரிந்த ஒருவர், மகளின் கல்லூரிப் படிப்பிற்காக ஒரு சேமிப்புக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர இருந்தார். ஆண்டுக்கு 24,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். பதினைந்தாம் ஆண்டின் முடிவில் 5 லட்சம் ரூபாய் கிடைக்கும். கட்டுவது 3,60,000, கூடுதலாகக் கிடைப்பது 1,40,000. "39 சதவீத லாபம்" என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார்.

நாங்கள் அதை எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தோம். நீங்களும் செய்து பாருங்கள். காலியான செல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பார்முலா பாரின் இடது பக்கம் உள்ள எஃப்எக்ஸ் பட்டனில் கிளிக் செய்திடவும். பைனான்சியல் பிரிவில் ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். கிடைக்கும் கட்டங்களில் மேலிருந்து கீழாக 15, -24000, 0, 500000, 1 என டைப் செய்திடவும். கமா இட வேண்டாம். நம் கையிலிருந்து போகும் பணத்திற்கு மைனஸ் அடையாளம் அவசியம்; இல்லையேல் பிழைச் செய்தி வரும். கடைசியில் உள்ள 1, ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் கட்டுகிறோம் என்பதைக் குறிக்கும்.

விடை 4 சதவீதம்! 39 எங்கே, 4 எங்கே? இந்தியாவில் விலைவாசி உயர்வுக்கு 2016-ல் மத்திய அரசு நிர்ணயித்த இலக்கே 4 சதவீதம்தான். விலைவாசி அந்த அளவில் ஏறினால்கூட, 15 ஆண்டுகளில் இந்தப் பணத்தின் வாங்கும் சக்தி சிறிதும் கூடியிருக்காது.

எஃப்வி பங்ஷன்

இதே பணத்தை வேறு இடத்தில் போட்டால்? அதே பைனான்சியல் பிரிவில் எஃப்வி என்பதைத் தேர்ந்தெடுத்து, 7%, 15, -24000, 0, 1 எனத் தரவும். விடை சுமார் 6,45,313 ரூபாய். அஞ்சலகத்தில் கிடைக்கும் பி.பி.எஃப். கணக்கின் காலமும் 15 ஆண்டுகள்தான். அதன் வட்டியை மத்திய அரசு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அறிவிக்கிறது. முதல் கட்டத்தில் அன்றைய வட்டியை இட்டுப் பார்க்கவும்.

ஒன்றை மறக்கக் கூடாது. காப்பீட்டுத் திட்டத்தில் பிரிமியத்தின் ஒரு பகுதி ஆயுள் காப்பீட்டிற்குப் போகிறது. எனவே அதே தொகைக்கு டெர்ம் பாலிசி எடுத்தால் ஆண்டு பிரிமியம் எவ்வளவு எனக் கேட்டு, அதை 24,000-ல் கழித்து, மீதியை மட்டும் எஃப்வி கட்டத்தில் இடுங்கள். அதுதான் நியாயமான ஒப்பீடு. நண்பரும் இப்படிக் கணக்கிட்ட பின்னரே முடிவு செய்தார்.

எக்ஸ்ஐஆர்ஆர் பங்ஷன்

எல்லா முதலீட்டிலும் தவணை சீராக இருக்காது. ஏலச்சீட்டில் மாதம் ஒரு தொகை கட்டுவோம். கையில் பணம் உள்ளபோது மட்டும் மியூச்சுவல் பண்டில் போடுவோம். அப்போது எக்ஸ்ஐஆர்ஆர் உதவும். ஒரு நெட்டு வரிசையில் தேதிகளையும், அடுத்ததில் தொகைகளையும் அமைக்கவும். 2024 ஜனவரி 1-ல் -10000, ஜூலை 1-ல் -10000, 2025 ஜனவரி 1-ல் 22000 என வைத்துக் கொள்வோம். பங்ஷனின் முதல் கட்டத்தில் தொகைகளையும், இரண்டாவதில் தேதிகளையும் மவுஸால் தேர்ந்தெடுக்கவும். மூன்றாவதைக் காலியாக விடலாம்.

20,000-க்கு 2,000 லாபம். 10 சதவீதம் என்றுதான் தோன்றும். எக்ஸெல் தருவதோ சுமார் 13.4 சதவீதம். ஏனென்றால் இரண்டாவது 10,000 ஆறு மாதம்தான் முதலீட்டில் இருந்தது. விடை 0.134 எனத் தெரிந்தால் சதவீத பட்டனை அழுத்தவும். தேதியை டைப் செய்கையில் மாதத்தைப் பெயராகத் தருவது நல்லது. இல்லையேல் சில கம்ப்யூட்டர்களில் ஜூலை 1, ஜனவரி 7 ஆகிவிடும்.

எக்ஸெல் சொல்லாதது

இந்தப் பங்ஷன்கள் வளர்ச்சியைக் காட்டும். பணம் திரும்பி வருமா என்பதைக் காட்டாது. நோட்டீஸில் உள்ள எண்ணை அப்படியே நம்பித்தான் கணக்கிடுகின்றன. 20, 30 சதவீதம் நிச்சயம் என விடை வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள். டெபாசிட் வாங்கும் நிறுவனம் அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பார்க்கலாம். புகாரும் அங்கே தரலாம்.

வீட்டில் உள்ள பாலிசி, சீட்டு, டெபாசிட் ரசீதுகளை எடுத்து வைத்துக் கொண்டு, ஒவ்வொன்றின் சதவீதத்தையும் ஒரே ஷீட்டில் எழுதுங்கள். அடுத்து எதில் போடலாம், எதை நிறுத்தலாம் என்பதை முடிவு செய்ய அந்த ஷீட் கை கொடுக்கும்.