ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போகிறீர்களா?

ஒரகடத்தில் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012இல் திறக்கப்பட்டது. தாய் நிறுவனம் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளிலிருந்து ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளே, அங்குள்ள சாப்பாட்டைப் பற்றியும் ஊர்க்காரர்களோடு பழகுவதைப் பற்றியும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

● லேபர்கேஸ: ‘கேஸ’ என்றால் சீஸ். ஆனால் இதில் சீஸ் கிடையாது. அரைத்த இறைச்சியை அச்சில் வைத்து அடுப்பில் சுட்டுத் துண்டு போட்டது.

● மௌல்டாஷன்: ஸ்டுட்கார்ட் பகுதியின் பெருமை. சூப்பில் மிதக்கும் சதுரக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். உள்ளே பச்சையாகத் தெரிவது கீரைதான், ஆனால் அதோடு இறைச்சியும் கலந்திருக்கும். சைவ வகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

● ஹால்வர் ஹான்: பெயருக்குப் பொருள் ‘பாதிச் சேவல்’. தட்டில் வருவது ‘ரை’ என்னும் தானியத்தில் செய்த பன்னும் சீஸும். இறைச்சி கிடையாது.

● கால்டர் ஹுண்ட்: ‘குளிர்ந்த நாய்’ என்று பொருள். பயப்படாதீர்கள், பிஸ்கட்டும் சாக்லேட்டும் அடுக்கிய கேக்.

● ‘ஓனே ஃப்ளைஷ்’ (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் மட்டும் போதாது. ‘ஷ்பெக்’, ‘ஷிங்கன்’ இரண்டும் பன்றி இறைச்சி. அவையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

● ஊர்க்காரர்களோடு பழக நல்ல வழி ‘ஷ்பெண்டன்லௌஃப்’ என்னும் நன்கொடை ஓட்டம். ஓடும் சுற்றுக்கு இவ்வளவு என்று ஆதரவாளர்கள் பணம் தருவார்கள். ஓட முடியாவிட்டால் சுற்று எண்ணவோ, தண்ணீர் கொடுக்கவோ, கேக் மேசையில் நிற்கவோ பெயர் கொடுங்கள். தண்ணீர் கொடுப்பதானால் கோப்பையைப் பாதியளவே நிரப்பி, கையை நீட்டிப் பிடியுங்கள். ஓடுகிறவர் நிற்காமல் வாங்கிக்கொள்வார். மொழி தடுமாறினாலும் உழைக்கும் கை உறவைச் சேர்க்கும்.