மூச்சு பிடிப்பவரெல்லாம் ரைடரா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர் என்றதும் பக்தர்களுக்குச் சுந்தரர் நினைவுக்கு வருவார். பொங்கலையொட்டி அந்தப் பக்கத்து ஊர்களில் கபடி பார்ப்பவர்களுக்கோ எதிரணிக்குள் பாடிப்போகும் உள்ளூர் ரைடர்தான் நாயகன். கயிற்றுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களிடம் அவரைப் பற்றி முடிவான கருத்துகள் உண்டு. “நல்ல மூச்சுக்காரன்”, “ஆள் ஆறடி, அசைக்க முடியாது”, “சும்மா போயிட்டுச் சும்மா வர்றான், இவனெல்லாம் ஒரு ரைடரா?” காலங்காலமாகச் சொல்லப்படும் இவற்றில் பாதிகூடத் தேறாது.

முதலில் மூச்சு. சடுகுடு காலத்தில் மூச்சு விட்டால் ஆட்டக்காரர் அவுட். அதனால் நீண்ட மூச்சுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. ‘கபடி கபடி’ என்று விடாமல் பாட வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரு ரைடுக்கு 30 விநாடிதான். அதைக் கடிகாரம் அளக்கிறது. பயிற்சி எடுத்த எவருக்கும் 30 விநாடி பாடுவது பெரிய வேலையில்லை. அந்த நேரத்துக்குள் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆட்டம்.

சரி, என்னதான் செய்கிறார்? ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். எதிரணியின் பாதி ஆறரை மீட்டர் ஆழம்தான். அதற்குள் ஏழு பேர் கைகோத்தும் பிரிந்தும் நிற்கிறார்கள். இரண்டு ஓரங்களிலும் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர்களுக்குக் கணுக்கால் மேல்தான் கண். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு ரைடர் ஒரு காலை நீட்டும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அந்த நொடியில் அவருக்குப் பிடிமானமே கிடையாது. கார்னர் பாய்வதும் அப்போதுதான். நல்ல ரைடர் காலை நீட்டுவதுபோல் காட்டுவார், கார்னர் எடையை முன்னங்காலுக்கு மாற்றும்வரை பொறுப்பார், பிறகு அவர் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது வேகமாகத் தெரியும். உண்மையில் அது காத்திருப்பு.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். சீனியர் ஆண்கள் கபடியில் எடைக்கு 85 கிலோ என்று வரம்பு இருக்கிறது; மலை மாதிரி ஆளுக்கு அங்கே இடமில்லை. அஜய் தாக்கூர் போன்ற ஆறடிக்காரர்கள் பிடிப்பவர்களைத் தாண்டிக் குதித்துப் பெயர் வாங்கினார்கள் என்பது மெய்தான். ஆனால் புரோ கபடி லீக்கில் அதிக ரைடு புள்ளிகள் குவித்த பர்தீப் நர்வாலின் ஆயுதம் நேர் எதிரானது: கோத்த கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் ‘துப்கி’. அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதைதான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணிச் சுவரைத் துளைத்து ஓடுபவரை அங்கே ரன்னிங் பேக் என்பார்கள். அப்படி ஓடிய எம்மிட் ஸ்மித் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். உயரமும் போதாது, வேகமும் போதாது என்று தேர்வாளர்கள் தயங்கியதால் 1990 தேர்வில் 17-ஆவது ஆளாகத்தான் அவர் எடுக்கப்பட்டார். அவர் ஓடிச் சேர்த்த 18,355 கெஜம் இன்றும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் சாதனை.

‘சும்மா போய்ச் சும்மா வருவது’ மேல் இருக்கும் கோபம் நியாயமற்றது. எதிரணிப் பாதியில் போட்டிருக்கும் பாக் லைனை ரைடர் தாண்டிவிட்டால், யாரையும் தொடாமல் திரும்பினாலும் அவர் அவுட் இல்லை. முன்னிலையில் இருக்கும் அணிக்கு 30 விநாடி கரைவதே லாபம். ஆனால் ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு முறை வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது ரைடு ‘டூ ஆர் டை’. அதில் புள்ளி எடுக்காதவர் வெளியே. எப்போது ஆபத்தில் இறங்குவது, எப்போது நடுக்கோட்டருகே நின்று நேரம் போக்குவது என்ற கணக்கில் அனூப் குமார் கெட்டிக்காரர். அவர் தலைமையில்தான் இந்தியா 2016 உலகக் கோப்பையை வென்றது. அகமதாபாத் இறுதிப் போட்டியில் இடைவேளையின்போது ஈரான் 18-13 என்று முன்னே இருந்தது. முடிவில் இந்தியா 38-29. பின்பாதியில் ஆட்டத்தைத் திருப்பியவர் அஜய் தாக்கூர்.

அப்படியானால் பெரிய ரைடர் கிடைத்தால் கோப்பை நிச்சயம் என்று தோன்றும். இதுதான் இருப்பதிலேயே பிடிவாதமான நம்பிக்கை. ‘கில்லி’ மாதிரிப் படங்களும் அதற்கு நன்றாகவே நீர் ஊற்றின. அது எவ்வளவு தவறு என்று புரோ கபடியின் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸின் ரசிகர்களைக் கேட்டால் தெரியும். 2017-இல் அணி களமிறங்கியபோது அதே அஜய் தாக்கூர்தான் கேப்டன். அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் அவர் 200-க்கு மேல் ரைடு புள்ளிகள் எடுத்தார். இரண்டு முறையும் அணி தன் பிரிவில் கடைசி.

2022-இல் தலைவாஸ் ரைடர் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க அவர் வெளியே உட்கார்ந்தார். அணியின் கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் நரேந்தர் என்ற புதுமுகம் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். சாகர், அபிஷேக், சாஹில் குலியா பிடித்துப் பிடித்து எதிரணி ரைடர்களை வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே நிற்கும் எதிராளிகள் குறையக் குறைய ரைடருக்கு வேலை எளிது. அந்த உதவி புள்ளிப்பட்டியலில் ரைடர் பெயருக்கு எதிரே எழுதப்படுவதில்லை. தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தனிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.

அடுத்த ஏலத்தில் பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு வாங்கியது. அவரும் குணமாகி வந்து 200 ரைடு புள்ளிகளைத் தாண்டினார். டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு.