கொல்லிமலையில் புல்தரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சமவெளியின் வெப்பத்தை அடிவாரத்துக் காரவள்ளியிலேயே விட்டுவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சோளக்காட்டை அடைகின்ற ஒருவர், முகத்தில் வந்து மோதும் முதற் குளிர்காற்றிலேயே, இம்மலையின் சீதோஷ்ணம் சீமையின் சீதோஷ்ணத்துக்கு நிகரானது என்று தீர்மானம் செய்துவிடுவது இயல்பு. அவர் இங்கே ஓய்வுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்வாராயின், அத்தீர்மானம் வீட்டு முற்றத்தில் புல்தரையாக உருக்கொள்ளும். ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் உள்ள தோட்டக்காரர்கள் தங்கள் பனிநாட்டுக்கென்று வகுத்த விதிகளை வரிக்கு வரி பின்பற்றி, அந்நாட்டு விதையையே தருவித்துத் தூவி, அவர்கள் உரமிடும் மாதத்தில் உரமிட்டு, அவர்கள் அஞ்சும் உறைபனிக்குத் தாமும் அஞ்சி அவர் அதனைப் பேணுவார். ஓராண்டு கழிவதற்குள் தரை திட்டுத்திட்டாகக் காய்ந்து, காயாத இடங்களில் கோரையும் பாசியும் குடியேற, பழி முழுதும் தோட்டவேலைக்கு வந்த மனிதரின் கைராசி மீது விழும். கைராசிக்கு இதில் சம்பந்தமே இல்லை. கொல்லிமலை குளிர்ந்த மலையே அன்றிக் குளிர்நாடு அன்று. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணியதிலிருந்தே மற்றப் பிழைகள் எல்லாம் கிளைத்திருக்கின்றன.

முதலாவதும் மூலமானதுமான நம்பிக்கை, குளிர்ந்த இடத்துக்குக் குளிர்நாட்டுப் புல்லே ஏற்றது என்பது. புற்களில் இரண்டு பெரும் வகுப்புகள் உண்டு. கென்டக்கி நீலப்புல், ரை புல், ஃபெஸ்க்யூ முதலியவை குளிர்காலப் புற்கள். 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பமே அவற்றின் வளர்ச்சிக்கு உகந்தது. நம்முடைய அறுகு போன்றவை வெப்பகாலப் புற்கள். அவை 27 முதல் 35 பாகையில் செழித்து, வெப்பம் 10 பாகைக்குக் கீழே நெடுநாள் நின்றால் மட்டுமே நிறம் மங்கி உறங்கிப்போகும். கொல்லிமலை கடல்மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டுநிலம். ஆயிரம் மீட்டர் ஏறுவதற்குச் சுமார் 6.5 பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நாமக்கல்லில் 38 பாகை கொதிக்கின்ற சித்திரைப் பகலில் இங்கே முப்பதுக்குச் சற்று மேலே இருக்கும். மனிதனுக்கு அது சுகம். அறுகுக்கு அதுவே உற்சவகாலம். கென்டக்கி நீலப்புல்லுக்கோ அது ஜன்னி கண்ட நிலை.

வெப்பம் ஒருபுறம் இருக்க, பகலின் நீளம் என்ற ஒன்றையும் நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எடின்பரோ நகரில் கோடையின் நடுநாளில் சூரியன் ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் வானில் இருக்கிறது. மார்கழியில் 7 மணி நேரத்திலேயே மறைந்துவிடுகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையை ஒட்டிக் கிடக்கும் நமது மலையில், ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் நீடிக்கும். மிக நீண்டதும் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரந்தான். நெடும்பகலில் அடக்கமான வெயிலை உண்டு உணவைச் சேமித்து, பின்னர் மாதக்கணக்கில் பனிக்கு அடியில் முடங்கிக் கிடப்பதற்கென்றே பழகிய ஒரு புல், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவான பகலும், உச்சியில் நின்று காய்கின்ற சூரியனும் உள்ள தேசத்தில் திகைத்துப்போவதில் வியப்பென்ன?

இம்மலைக்கு எவ்வகைப் புல் ஏற்றது என்பதற்கு அயல்நாட்டு ஆதாரம் எதுவும் வேண்டுவதில்லை. இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சரிவுகளில் விதைத்து அறுத்துவரும் சாமையும் தினையும் கேழ்வரகுமே போதிய சாட்சி. இவை தானியங்கள் என்று மட்டுமே நம்முடைய சிந்தையில் பதிந்துவிட்டபடியால், இவையும் புற்களே என்பதையும், மூன்றும் அறுகைப்போலவே வெப்பகாலப் புல்வகுப்பைச் சேர்ந்தவை என்பதையும் மறந்துவிடுகிறோம். இவ்வகுப்பின் இலைகள், கரியமில வாயுவை முதலில் ஓரிடத்தில் பிடித்து, பின்னர் உள்ளிருக்கும் உறைச் செல்களில் அதனைச் செறிவாகத் திரட்டி உணவாக்குகின்றன. அதனால் வெயில் ஏறினும் அவற்றின் உழைப்பு தளர்வதில்லை, நீர்ச்செலவும் குறைவு. இந்தச் சூட்சுமத்தை, 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இரு விஞ்ஞானிகள் கரும்பை ஆராய்ந்து விளக்கினார்கள். விளக்கம் அண்மைக் காலத்தது; ஆயினும் எந்தப் புல் எந்தச் சரிவில் நிற்கும் என்ற நடைமுறை ஞானம் இம்மலையில் மிகப் பழமையானது. விநாயகருக்கு அருச்சிக்கவும், மணமக்களை வாழ்த்தும்போது வேரின் உறுதிக்கு உவமை சொல்லவும் நாம் நினைக்கின்ற அறுகை, முற்றத்துக்கு மட்டும் ஆகாது என்று ஒதுக்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

‘உதகமண்டலத்தில் சீமைத் தரைகளைப்போன்ற பசுந்தரைகள் இருக்கின்றனவே’ என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. உண்மைதான், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற மக்ஐவர் என்பவர் 1848-இல் பணிதொடங்கி உருவாக்கிய அரசினர் தாவரவியல் பூங்காவின் புல்தரையைக் கண்டு மயங்காதவர் இல்லை. ஆனால் உதகை நம் மலையைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு மேலும் உயர்ந்தது. 2200 மீட்டருக்கு மேலான அவ்விடத்தில் உறைபனி மெய்யாகவே விழும். அங்கும்கூட, நீலகிரியெங்கும் பரவலாகக் காணப்படுவது கிக்குயுப் புல். அது ஐரோப்பியப் புல்லன்று, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களைத் தாயகமாகக் கொண்டது, வெப்பகாலப் புல்வகுப்பைச் சேர்ந்தது. கொல்லிமலையிலும் அது தாராளமாக வளரும். ஆயினும் நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகளில் அது அத்துமீறிப் பரவி விளைவிக்கின்ற தீங்கை அறிந்தவர்கள், சாமைக்காட்டுக்கும் வனத்துக்கும் அருகில் அதனை நடுவதற்கு யோசிப்பார்கள். நான் நடமாட்டேன்.

உறைபனியைப் பற்றிய பயமும் உதகையிலிருந்தே இங்கு இறக்குமதியானது. பூங்கா ஊழியர்கள் பனிக்காலத்து அதிகாலையில் புல்தரைமீது நீர் தெளிப்பதைப் பார்த்து வந்த சிலர், நம் மலையின் செம்மேட்டிலும் மார்கழி விடியலில் அவ்வாறே செய்கிறார்கள். அங்கே புல்லின்மீது படிந்த பனிப்படிகங்களைச் சூரியன் ஏறுமுன் கரைப்பதற்காகச் செய்யப்படுவது அது. உறைபனியே இல்லாத இடத்தில் அதனால் நனைந்த இலை மேலும் நனைவதைத் தவிர வேறு பயன் விளையாது. குளிர் வருமுன் வேருக்கு உணவு சேமிக்க வேண்டும் என்று ஐப்பசியில் உரத்தைக் கொட்டுவதும் இத்தன்மையதே. பனிநாட்டில் அது அறிவார்ந்த செயல். இங்கே அப்போது வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். இட்ட தழைச்சத்தில் பெரும்பங்கு சரிவில் கரைந்தோடும். மழையின் தொடக்கத்திலும் இடையிலும் சிறிது சிறிதாக, மக்கிய தொழுவுரத்தையே முதன்மையாகக் கொண்டு இடுவதே தகும். யூரியா இடுவதாயின், இலையில் பனியீரம் நிற்கும்போது தூவினால் உப்பு ஒட்டிக் கருகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

‘இவ்வளவு பனி பெய்கிறபோது தண்ணீர் எதற்கு?’ என்ற கேள்வியையும் கேட்டிருக்கிறேன். ஓர் இரவின் பனி அரை மில்லிமீட்டர் நீரைத் தாண்டுவது அரிது. புல்தரைக்கோ வறண்ட நாட்களில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் வேண்டியிருக்கிறது. பனி நாவை நனைக்குமே அன்றி வேரை எட்டாது. தை முதல் சித்திரை வரை இம்மலையில் நிலவும் வறட்சியைப் பனியை நம்பிக் கடக்க முற்படுவோர் பங்குனியில் வைக்கோலைக் காண்பார்கள். நாள்தோறும் சிறிது தெளிப்பதும் தவறு. அது வேரை மேற்பரப்பிலேயே சோம்பியிருக்கச் செய்யும். வாரத்துக்கு ஓரிரு முறை ஆழ நனைய ஊற்ற வேண்டும். சரிவான நிலமாயின் ஒரே மூச்சில் ஊற்றாமல், பாதியை ஊற்றி மண் குடித்தபின் மீதியை ஊற்றினால் ஓடி வீணாகாது. உச்சிவேளையில் ஊற்றினால் நீர்த்துளிகள் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது உலகெங்கும் பரவிய கட்டுக்கதை. ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சோதித்து, மயிரற்ற வழவழப்பான இலையில் அவ்வாறு நேர்வதில்லை என்று 2010-இல் வெளியிட்டார்கள். அப்போது ஊற்றுவதில் உள்ள குற்றம், நீர் ஆவியாகி விரயமாவதே. மாலையில் ஊற்றுவது அதைவிடப் பெரிய குற்றம்; இரவெல்லாம் ஈரம் நின்றால் பூஞ்சணம் வரும். விடியற்காலையே உத்தமம்.

இனி வெட்டுதல். 1830-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித்துணியின் மேற்பிசிறைச் சீவுகின்ற ஆலை இயந்திரத்தைக் கண்டு, அதே தத்துவத்தில் முதலாவது புல்வெட்டும் இயந்திரத்தை அமைத்தார். அதற்கு முன் அரிவாளும் ஆடும் செய்துவந்த வேலை அது. அன்றுதொட்டு, ஒட்ட வெட்டினால் அடுத்த வெட்டுக்கு நாளாகும் என்ற சிக்கனக் கணக்கும் மனிதனைப் பிடித்துக்கொண்டது. இலையே புல்லின் அடுப்பங்கரை. அதனை இடித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்க, வெற்றிடத்தில் பார்த்தீனியமும் கோரையும் முளைக்கும். எந்த ஒரு வெட்டிலும் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. அறுகை 3 அல்லது 4 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால் போதும். வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்டாவிட்டால் தரை மூச்சுத்திணறும் என்று அஞ்சுவதும் வேண்டாததே. அவற்றில் பெரும்பகுதி நீர். சில நாட்களில் மக்கி, புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் நாலில் ஒரு பங்கு வரை திருப்பித் தரும். மெத்தைபோல் அடைந்து தொல்லை தருவது, எளிதில் மக்காத ஓடுதண்டும் வேரும் சேர்ந்த அடுக்கு. அதனை ஆண்டுக்கொருமுறை வாரியால் கீறிவிட்டால் தீரும்.

பாசி புல்லைக் கொல்கிறது என்ற நம்பிக்கை காரியத்தைக் காரணமாகக் கொண்டது. புல் நலிந்த இடத்தில்தான் பாசி வந்து அமர்கிறது. சுண்ணாம்பு தூவினால் அது மடியும் என்பதும் சரியன்று. மலைமண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையதாகையால், மண்ணைப் பரிசோதித்து அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடுவது புல்லுக்கு நல்லதே, ஆனால் பாசிக்கு அது விஷமன்று. பரிசோதியாமல் மேலும் மேலும் இட்டால், மண்ணிலுள்ள இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போய்ப் புல்தான் மஞ்சளிக்கும். அன்னபேதிக் கரைசலைத் தெளித்தால் பாசி கறுத்து மடியும். மடிந்த அடுத்த மழையிலேயே திரும்பவும் வரும். ஏனெனில் அதனை அழைத்துவருபவை மூன்று: கால்பட்டு இறுகிய மண், தேங்கும் நீர், நிழல்.

முதலிரண்டையும் கடப்பாரை நுனியால் துளையிட்டும் வடிகால் வெட்டியும் சரிசெய்யலாம். நிழலுக்கு அத்தகைய பரிகாரம் இல்லை. காப்பிக்கும் மிளகுக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட சில்வர் ஓக் மரங்களின் கீழேயே புல்தரை போட ஆசைப்படுகிறவர்கள் இங்கே பலர். அறுகுக்கு நாளொன்றுக்கு ஆறுமணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அதில் பாதிதான் கிடைக்கும் என்றால், நர்சரிகளில் பஃபலோ புல் என்று விற்கப்படுகின்ற அகன்ற இலைப்புல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதுவும் கிடைக்காத இடத்தில் புல் விதையையும் உரத்தையும் விரயம் செய்யாமல், மரத்தில் மிளகுக்கொடியை ஏற்றிவிட்டு, கீழே காப்பிக் கன்றுகளை நட்டு, உதிர்கின்ற சருகை மூடாக்காக அப்படியே கிடக்கவிடுவதே முறை. இம்மலையின் தோட்டக்காரர்கள் அந்நிழலை அதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள்.