நம்பிக்கைகளும் உண்மைகளும்: காக்கிச் சட்டையைக் கழற்றிய பிறகு

இரவு பதினொன்றரை. திருவிழா பந்தோபஸ்து முடிந்து ஏட்டையா வீடு திரும்புகிறார். ஹாலில் பத்தாம் வகுப்புப் பையன் செல்போனோடு படுத்திருக்கிறான். “இன்னுமா தூங்கல?” என்று ஓர் அதட்டல். அவன் விருட்டென்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். தோசைக்கல்லை அடுப்பில் வைத்த மனைவி, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நிற்கிறார். காவலர் குடியிருப்புகளில் பழகிப்போன காட்சி இது. அதைச் சுற்றி வளர்ந்த சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: “அப்பா வீட்லயே இருக்கறதில்ல. பிள்ளைக்கு அந்த ஏக்கம்தான்.”

உண்மை: ஏக்கம் உண்டு. ஆனால் பிள்ளைகளைக் கேட்டால் வேறொன்றை முதலில் சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் எலன் கலின்ஸ்கி, 3 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 1999-இல் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோரின் வேலை தங்களைப் பாதிக்கும் விதத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்பது கேள்வி. ‘கூடுதல் நேரம் கேட்பார்கள்’ என்று பெற்றோரில் 56 சதவீதம் பேர் ஊகித்தனர். அப்பாவின் நேரத்தைக் கேட்டவர்களோ 15.5 சதவீதம்தான். அப்பாவின் களைப்பும் டென்ஷனும் குறைய வேண்டும் என்றவர்கள் 27.5 சதவீதம், அம்மாவுக்கு அதையே விரும்பியவர்கள் 34 சதவீதம்.

நம்பிக்கை: “ஸ்டேஷன் விஷயம் ஸ்டேஷனோட. பிள்ளைங்க காதுக்குப் போகக் கூடாது.”

உண்மை: வழக்கு விவரம் போகக் கூடாது, சரி. களைப்பை எப்படி மறைப்பது? பைக்குக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அப்பாவின் மூடு பிள்ளைக்குத் தெரிந்துவிடும். காரணம் தெரியாதபோது, ‘என் மேலதான் கோபம்’ என்று அதுவாகவே ஒரு முடிவுக்கு வரும். “காலைலேர்ந்து வெயில்ல நின்னேன்டா. உன் மேல ஒண்ணும் இல்ல, அரை மணி நேரம் விடு” என்றால் அந்தப் பாரம் இறங்கிவிடும்.

நம்பிக்கை: “அப்பா வரட்டும், சொல்றேன்!” என்றால்தான் பயம் இருக்கும்.

உண்மை: பயம் இருக்கும், அப்பா இருக்க மாட்டார். பகலெல்லாம் ஊரை அதட்டியவருக்கு வீட்டுக்குள்ளும் டியூட்டி போட்டுவிடுகிறோம். மாலை நான்கு மணித் தவறுக்கு நள்ளிரவில் விசாரணை நடத்தினால், தவறு மறந்து விசாரணைதான் மனதில் நிற்கும். கண்டிப்பதை, நடந்த நேரத்தில் வீட்டில் இருப்பவரே முடித்துவிடலாம். டென்ஷனைக் காரணம் காட்டிக் கை நீட்டுவதோ குடித்துவிட்டு வருவதோ கண்டிப்பில் சேராது. அப்படி நடந்தாலோ, மனது தாங்காமல் போனாலோ, மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

நம்பிக்கை: “வீக்லி ஆஃப் கிடைச்சா எல்லாம் சரியாயிடும்.”

உண்மை: தமிழகக் காவலர்களுக்கு வார விடுமுறை 2021-இல் அரசாணையாகவே வந்தது. நல்ல மாற்றம்தான்; ஆனால் அந்த ஒரு நாளில் ஆறு நாள் தூக்கக் கடனையும் உறவினர் கல்யாணத்தையும் சேர்த்து அடைக்க முடியாது. வாரம் 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. விடுமுறை நாளில் அப்பா தூங்கினால் ‘வீட்டைக் கவனிப்பதில்லை’ என்று கணக்கெழுதாதீர்கள். அவர் உடம்பு கேட்கும் மருந்து அது.

நம்பிக்கை: “ராத்திரி முழிச்சிருந்துட்டுக் காலைல எழுந்திரிக்கறதில்ல. சோம்பேறி.”

உண்மை: பதின்பருவத்தில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் தொடங்குகிறது. 13 முதல் 18 வயது வரை 8–10 மணி நேரத் தூக்கம் தேவை. பள்ளி மணியோ அதற்காகக் காத்திருப்பதில்லை. செல்போன் இந்தத் தாமதத்தை இன்னும் இழுக்கும் என்பதால், இரவில் அதற்கு இடம் ஹால் அலமாரிதான். அப்படி வைத்தாலும் ஒன்பது மணிக்கே அவனுக்குக் கண் சொக்கிவிடாது.

அதாவது, ஏட்டையா வந்த நேரத்தில் பையன் விழித்திருந்தது அவரை எதிர்க்க அல்ல. நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்க்காத இருவருக்கு உடம்பும் டியூட்டியும் சேர்ந்து ஒதுக்கித் தந்த பத்து நிமிடம் அது. கல் சூடாகத்தான் இருக்கிறது. அவனுக்கும் ஒரு தோசை வார்க்கச் சொல்லிவிட்டு உட்காரலாம். மார்க்கைப் பற்றிக் கேட்க நாளைக்கும் நேரம் உண்டு.