உண்பாரற்ற கனிகள்

நம் பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அறியாதவர் நம்மில் எவரும் இலர். மதிய உணவு வேளையில் அதன் நிழலில்தான் நாம் கூடுகிறோம். மாலையில் அது இலைகளைக் கூப்பி உறங்கத் தொடங்கும்போது நாமும் வீடு திரும்புகிறோம். கோடை நெருங்கினால் அதன் கருநிறக் காய்கள் உதிர்ந்து, காலில் மிதிபட்டு, பிசுபிசுவென ஒட்டி, திடலைப் பெருக்கும் ஆயாவின் பொறுமையைச் சோதிப்பதும் நாம் கண்டதே.

ஆனால் தோழியரே, இது நம் நாட்டு மரமன்று! அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியே இதன் தாயகம். நம் ஊரில் இக்காயை ஆடும் மாடும் ஆவலோடு தின்கின்றன. தாயகத்திலோ ஐரோப்பியர் வரும் வரை மாடே கிடையாது. அப்படியானால் வெல்லப்பாகு போன்ற இந்தச் சதையை அம்மரம் யாருக்காகச் செய்து வைத்தது?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் டேனியல் ஜான்சன் என்னும் அமெரிக்க அறிஞர். மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டுக் காடுகளில் அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அங்கே குவானகாஸ்டே என்றொரு பெருமரம் உண்டு. அதுவே அந்நாட்டின் தேசிய மரம். மனிதக் காதைப் போலவே வளைந்த காய்களை அது ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தின் அடியிலேயே குவிந்து கிடந்து கெட்டுப்போவதை ஜான்சன் கண்டார். தாயின் நிழலில் விழுந்த விதைக்கு வாழ்வில்லை. வெயில் கிடையாது, வண்டும் எலியும் அங்கேதான் கூடும். விதை தொலைவுக்குப் போயாக வேண்டும். அதற்குக் கூலியாகத்தான் மரம் சதையைக் கொடுக்கிறது. கூலி இருக்கிறது, கூலியாள் எங்கே?

1982ஆம் ஆண்டில் அவரும் பால் மார்ட்டின் என்பவரும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் விடையை எழுதினர். கூலியாட்கள் மாண்டுபோயினர் என்பதே அவ்விடை. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அக்காடுகளில் யானைக்கு உறவான கோம்போதேர்கள் உலவின. யானையளவு எடையுள்ள மெகதேரியம் என்னும் தரைவாழ் ஸ்லாத் தென் அமெரிக்காவில் பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளைகளை வளைத்துத் தின்றது. சிறிய மோட்டார் கார் அளவுக்கு ஓடு போர்த்திய கிளிப்டோடான் ஊர்ந்தது. குதிரைகளும் இருந்தன. பனியுகத்தின் முடிவில், சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் இவை அனைத்தும் மறைந்தன. தென் அமெரிக்கப் பெரும் பாலூட்டிகளின் பேரினங்களில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்தது. வேட்டையாடிய மனிதன் காரணமா, மாறிய தட்பவெப்பம் காரணமா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். இரண்டும் சேர்ந்தே என்பாரும் உளர். நமக்கு அந்த வழக்கைவிட, பின்னர் நேர்ந்ததே வியப்பளிக்கிறது.

ஜான்சன் ஒரு சோதனையும் செய்தார். குவானகாஸ்டே காய்களைக் குதிரைகளுக்குத் தின்னக் கொடுத்து, சாணத்தில் விதைகளைத் தேடி எண்ணினார். (மூக்கைப் பொத்திக்கொள்ளும் தோழியர் கவனிக்க!) பல விதைகள் வயிற்றிலேயே செரித்து மடிந்தன. ஆயினும் ஒரு பகுதி உயிருடன் வெளிவந்தது. அமெரிக்காவில் அழிந்துபோன குதிரையை 16ஆம் நூற்றாண்டில் மீண்டும் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர். அவர்கள் அறியாமலே அம்மரத்திற்குப் பழைய கூலியாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர்! கொடைக்கானல் சந்தையில் விற்கும் வெண்ணெய்ப்பழத்தையும் எண்ணிப் பாருங்கள். அதன் கொட்டையை முழுதாக விழுங்க எத்துணைப் பெரிய தொண்டை வேண்டும்!

இக்கருத்தை மறுப்போரும் உண்டு. யானை போய்விட்டால் மரமும் போயிருக்க வேண்டுமே, ஏன் போகவில்லை என்பது அவர்கள் கேள்வி. பனாமா நாட்டில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. முயலளவே உள்ள அகூட்டி என்னும் கொறிக்கும் பிராணி அங்கே பனை வகை ஒன்றின் விதைகளைப் புதைத்து வைக்கிறது. மற்றோர் அகூட்டி அதைத் திருடி வேறிடத்தில் புதைக்கிறது. 2012இல் வெளியான ஆய்வின்படி ஒரே விதை 36 முறை புதைக்கப்பட்டது! ஆக, திருட்டினாலும் மரங்கள் பிழைத்தன. ஆனால் அகூட்டி சில நூறு மீட்டருக்குள் சுற்றுவது. பெரிய விலங்கோ விதையை வயிற்றில் வைத்துக்கொண்டு பல கிலோமீட்டர் நடக்கும்.

விதையோடு போயிற்றா? இல்லை. பெரிய விலங்குகள் ஆற்றோரம் மேய்ந்து மேட்டில் சாணமிட்டதால் மண்ணுக்குரிய பாஸ்பரஸ் சத்தும் பரவியது. அமேசான் காட்டில் அவ்வழிப் பரவல் 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கும் என்று 2013இல் அறிஞர்கள் கணக்கிட்டனர்.

வட அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ஆப்பிள்மன் ஏரியின் சேறு இன்னொரு கதை சொல்கிறது. தாவரம் தின்னும் விலங்கின் சாணத்தில் வளரும் ஒரு பூஞ்சையின் வித்துகள் அச்சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. வித்து மிகுந்தால் விலங்கு மிகுதி, குறைந்தால் குறைவு. எலும்பே இல்லாமல் கணக்கெடுக்கும் இந்த உத்தியை என்னென்பது! 14,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஓராயிரம் ஆண்டுகளில் அவ்வித்துகள் அருகின. அதற்குப் பின்னரே, தின்பாரின்றித் தழைத்த அகன்ற இலை மரங்கள் ஊசியிலை மரங்களோடு கலந்து, இன்று எங்கும் காண முடியாத புதுமையான காடு தோன்றியது. தின்னாத தழை காய்ந்து விறகாயிற்று. சேற்றில் கரித்துகள் பெருகியது. காட்டை மாற்றியது தட்பவெப்பம் மட்டுமன்று, காலியான வயிறுகளும்தான் என்பது 2009இல் வெளியான இவ்வாய்வின் முடிவு.

நம் முதுமலைக் காட்டில் யானைகள் இன்னும் நடக்கின்றன. அவற்றின் லத்தியில் விதைகள் இன்னும் முளைக்கின்றன. கோஸ்டாரிகாவின் மரங்கள் இழந்தது நம் மரங்களிடம் இன்னும் இருக்கிறது.

சென்ற கோடையில் நாங்கள் பத்தாம் வகுப்பு மாணவியர் சிலர் திடலில் உதிர்ந்த தூங்குமூஞ்சிக் காய்களைப் பொறுக்கி உடைத்துப் பார்த்தோம். பல விதைகளில் வண்டு துளைத்த ஓட்டை இருந்தது. மீதிக் காய்களைக் காவற்காரத் தாத்தாவின் பசுவுக்குப் போட்டோம். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, தொழுவத்துக்குப் பின்னாலுள்ள எருக்குழியின் ஓரத்தில் மூன்று கன்றுகள் நின்றன. மாலையில் அவையும் இலைகளைக் கூப்பித் தூங்கின.